ஆண்பால் பெயர்ச்சொல்

பதிவறையில் மழை ஒழுகும் மூலைக்கு
வாளி வைக்கப் போனபோதுதான் பார்த்தேன்,
அலமாரியின் உடைந்த காலுக்கு
முட்டுக்கொடுத்துக் கிடந்தது ஒரு பழைய அகராதி.
உருவினேன். அலமாரி என் பக்கம் சாய்ந்தது.
தோளால் தாங்கிக்கொண்டே திறந்தேன்.
செல் தின்றது போக மிஞ்சிய பக்கத்தில்
ஓர் இலத்தீன் சொல்: சுசுர்ருஸ்.

வாயில் வைத்துப் பார்த்தேன்.
நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே
காற்றுக் கசிகிற சொல்.

தேனீக்கள் திரளாய் இரைவது, என்றது முதல் வரி.
இலைக்குள் காற்று அலைவது, என்றது அடுத்தது.
அப்புறம்தான் மனிதர் வருகிறார்கள்,
தாழ்ந்த குரலோடு.
அதே வேரில் ஓர் ஆளும் முளைத்திருந்தான், சுசுர்ரோ:
கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பவன்.
கோள்சொல்லி.
இரண்டு சொல்லுக்கும் பக்கத்தில்
சாய்வெழுத்தில் ஒரே குறிப்பு:
ஆண்பால்.

சிரித்துவிட்டேன். அலமாரி ஆடியது.
வாளியில் சொட்டு விழுந்தது.
வெளியே பியோன் வழக்கு இலக்கத்தைக் கூப்பிட்டான்.

என் உத்தியோகமே குசுகுசுப்பதுதான்.
அட்டன் நீதிமன்றம், எதிரிக்கூண்டின் இடப்பக்கம்.
சிங்களத்தில் நடப்பதைத் தமிழில்
ஒரு காதுக்கு மட்டும் ஊற்றவேண்டும்.
தமிழில் வருவதைச் சிங்களத்தில்
சபைக்கு உரக்கச் சொல்லவேண்டும்.
பதினோரு வருடமாக
முகங்களைவிடக் காதுகளைத்தான் எனக்குத் தெரியும்.
கூடைக்கயிறு உராய்ந்து மேல்மடல் தடித்த காது.
தோடு அடகுக்குப் போனதால்
ஈர்க்குச்சி செருகிய காது.

இன்று பூங்காவனத்தின் காது.
'தராசு ரெண்டு கிலோ திங்குது' என்று
பக்கத்து நிரைக்காரியிடம் சொன்னாளாம்.
சொல் நிரைநிரையாய் மலை ஏறிப்போய்
மத்தியானம் நாற்பத்தொரு பேர்
கொழுந்தைக் கொட்டாமல் குந்திவிட்டார்களாம்.
அமைதிக்குப் பங்கம் என்கிறது முறைப்பாடு.

கசுகுசு பண்ணினாயா,
சிங்களத்தில் கேட்டார் தோட்டத்துச் சட்டத்தரணி.
குசுகுசுத்தாயா,
அவள் காதில் குசுகுசுத்தேன் நான்.
ஓர் எழுத்துத்தான் நிறம் மாறியது.

'குசுகுசுக்கவா? கத்தித்தானுங்க சொன்னேன்.
அன்னைக்கு மலையில அப்பிடிக் காத்து.
அவுங்களுக்குத்தான் மெதுவாக் கேட்டிருக்கு.'

உரக்கச் சொன்னேன் அதை.
தட்டச்சுக்காரி விரலை நிறுத்தி என்னைப் பார்த்தாள்,
காற்றை எந்தப் பத்தியில் போடுவதென்று.

பிறகு சாட்சிக்கூண்டில் சுப்பவைசர் மரியநாயகம்.
தொரையிடம் எப்படித் தெரிவித்தீர்கள்?
பங்களாவின் பின்வாசலில், ஐயா.
சத்தமாகவா?
இல்லை. நாய் இருந்தது. காதோடு காதாக.
தட்டச்சு தடையில்லாமல் ஓடியது.
அவள் சொன்னதற்குக் குசுகுசுப்பு என்று பெயர் வைத்தவர்கள்
இவன் சொன்னதற்கு
அறிக்கை என்று வைத்தார்கள்.
பதிவறைத் தரையில்
செல்லரித்த பக்கம் ஒன்று திறந்தே கிடந்தது.
அதற்கு இங்கே சாட்சி சொல்ல உரிமையில்லை.
எனக்கும் இல்லை.

தராசின் சான்றிதழ் வரட்டும், என்றார் நீதவான்.
கார்த்திகைக்குத் தவணை.
அவள் காதுக்குக் குனிந்து திகதியைச் சொன்னேன்.
தலையாட்டினாள்.
பிறகு முதன்முறையாக
கூண்டிலிருந்து ஒரு வாய் என் காதுக்கு வந்தது.
வெற்றிலை வாசம், குளிருக்கு நடுவே கொஞ்சம் சூடு:

'அக்கா, ஒங்க தோட்டுத் திருகு கழண்டு தொங்குது.'

எதிரி என்ன சொல்கிறாள்,
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார் நீதவான்.
எதிரி சொல்வதெல்லாம் சபைக்குரியது.
அப்படித்தான் நான் சத்தியம் செய்திருக்கிறேன்.

தவணைக்கு நன்றி என்கிறாள், ஐயா,
என்றேன், நல்ல சிங்களத்தில்,
இடது கையால்
காதைப் பொத்திக்கொண்டு.